பாட்டுப் போடாத கசற்

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் தவராஜா அண்ணை தொலைபேசியில் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "எழுதுறதெண்டால் எழுது, என்ரை பேரை மட்டும் போடாதை" என்றார். ஆகவே தவராஜா அவருடைய பெயரல்ல. ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். டென்மார்க்கில் ஒரு தமிழனைக் கண்டுபிடிக்க இரண்டு அழைப்புப் போதும் என்பதால் இதனால் பெரிய பயன் எதுவும் இல்லை.

(மேலே சொன்னதில் ஒரு பாதிதான் உண்மை. மற்றப் பாதியைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் கதையை மூடிவைத்துவிடுவீர்கள்.)

2

இப்படித்தான் தொடங்கினேன்:

"கசற்றுக்குள் படர்ந்திருந்த பூஞ்சணம், காலத்தின் மீது பெய்த பனியைப் போல—"

வெட்டிவிட்டேன். பூஞ்சணம் பூஞ்சணம்தான். அதைத் துடைக்கவேண்டும், வர்ணிக்கக்கூடாது.

"தொண்ணூறுகளில் டென்மார்க்கின் யூலண்டுப் பகுதியில் நடந்த எந்தத் தமிழ்க் கொண்டாட்டமும் தவராஜா இல்லாமல்—"

இது ஊர்ச்சங்க மலருக்கு எழுதும் வாழ்த்துரை. இதையும் விட்டேன்.

நேராகவே சொல்கிறேன். தவராஜா கிழமை நாட்களில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார், சனிக்கிழமைகளில் வீடியோ எடுத்தார். எங்கள் கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்தியவீடு எல்லாம் சனிக்கிழமைதான். மண்டபமும் லீவும் அன்றைக்குத்தான் கிடைக்கும், ஐயரும் அதற்கேற்றபடி நல்ல நாள் பார்த்துத் தருவார். எடுத்ததை அவர் வீட்டில் இரண்டு டெக் வைத்து வெட்டி ஒட்டுவார். பிறகு கமெராவில் பதிந்த சத்தம் முழுவதையும் நீக்கிவிட்டு மேலே சினிமாப் பாட்டுப் போட்டுக் கொடுப்பார். சனங்கள் அப்படித்தான் கேட்டார்கள். பாட்டுக் குறைவென்று கசற்றைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. ஆகவே யூலண்டுத் தமிழரின் பத்து வருடக் கொண்டாட்டங்களில் ஒருவர் குரலும் கிடையாது. எல்லோரும் வாயை அசைப்பார்கள், யாரோ ஒரு பாடகர் பாடுவார்.

இப்போது அவர் பென்சனில் இருக்கிறார். பழைய கசற்றுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறார். அவரிடம்தான் வைலேயிலிருந்து சாரங்கி வந்தாள். முதியோர் இல்லத்தில் தாதி, நாற்பது கடந்தவள், இரண்டு பிள்ளைகள். அவளுடைய அப்பா மாணிக்கராசா போன வருடம் காலமாகிவிட்டார்.

"அப்பான்ர குரல் எங்களிட்டை ஒண்டிலையும் இல்லை மாமா. என்ரை சாமத்தியவீட்டு வீடியோவில கதைக்கிறார், ஆனா பாட்டுத்தான் கேக்குது. நீங்கள் கமெராவில எடுத்த முதல் கசற் இருக்கே?"

"இருக்கும் பிள்ளை. தேடிப் பாக்கிறன்."

தேடத் தேவையில்லை. நிலக்கீழ் அறையில் வருட வரிசையில் அடுக்கி வைத்திருப்பவர் அவர். ஆண்டுத் திவசத்துக்கு அவள் ஒரு சின்னப் படம் தொகுக்கப் போகிறாளாம். அவளுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காது என்பதால் கீழே டேனிஷில் வரி போடுவாளாம். "அப்பா சும்மா ரெண்டு சொல்லுக் கதைச்சாலும் காணும்" என்றாள்.

3

கசற்றை மாற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. விரைவாக ஓடவிட முடியாது. மூன்று மணித்தியாலக் கசற் என்றால் மூன்று மணித்தியாலமும் ஓடவேண்டும், பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். தவராஜா முதல் தடவையாகத் தான் எடுத்த படத்தைச் சத்தத்தோடு பார்த்தார்.

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றாறு, வைகாசி, ஸ்கீவ. காலையில் மாணிக்கராசா வீட்டில் சாரங்கிக்குத் தண்ணீர் வார்க்கும் சடங்கு. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் படம் சரிந்து தரைவிரிப்பைக் காட்டுகிறது. பதிவை நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு கமெராவை இடுப்பில் சாய்த்திருக்கிறார், ஆனால் பொத்தான் சரியாக அமரவில்லை. அந்தக் காலத்தில் தரைவிரிப்பைக் கண்டவுடன், தொகுத்துக் கொடுத்த பிரதியில் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். சத்தத்தை யார் கேட்டது?

இப்போது கேட்டார். மாணிக்கராசா கேட்கிறார், தவராஜா பதில் சொல்கிறார். நான் எழுதிவைத்திருப்பது இது:

"தம்பி, விடியவே வந்தனீங்கள். இடியப்பம் இருக்கு, ஒரு வாய் சாப்பிடுங்கோவன்."

"வேண்டாம் அண்ணை. சனிக்கிழமை, நான் விரதம்."

"மரக்கறிதான் தம்பி. சொதியும் சம்பலும். நானே அவிச்சனான்."

"இல்லை அண்ணை, ஒரு நேரம்தான் சாப்பாடு."

"அப்ப தேத்தண்ணியாவது?"

"பிறகு பாப்பம்."

"சரி. பிள்ளையை வடிவா எடுங்கோ, என்ன."

மூன்று மணித்தியாலக் கசற்றில் மாணிக்கராசாவின் குரல் தெளிவாகக் கேட்கும் இடம் இது ஒன்றுதான். மனிதர் அவ்வளவு பேசாதவர். மற்ற இடங்களில் மேளச் சத்தமும் பெண்களின் கதையும் அவரை மூடிவிடுகின்றன.

பிறகு தவராஜாவின் குரல், தாழ்ந்து, பக்கத்தில் நிற்பவருக்கு:

4

முதல் வரைவில் இந்த இடத்தில் தவராஜா "இவன் இன்னும் காசு தரேல்லை" என்று சொன்னார். இரண்டாவது வரைவில் அரசியல் ஏதோ சொன்னார். இரண்டும் நான் கட்டிய பொய். ஏன் கட்டினேன்? வெள்ளைக்காரன் எங்களைத் தள்ளிவைத்ததைப் பற்றி நான் நான்கு கதைகள் எழுதியிருக்கிறேன். நாங்கள் யாரைத் தள்ளிவைத்தோம் என்பதற்கு ஒன்றுகூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். சரி, எழுதுகிறேன்.

"இவையின்ரை வீட்டில நாங்கள் பச்சைத் தண்ணியும் குடிக்கிறேல்லை. இடியப்பமாம்."

சாதிதான். வேறொன்றுமில்லை. அகதி முகாமில் ஒரே குசினியில் சமைத்தவர்கள், ஒரே தொழிற்சாலையில் ஒரே மேசையில் பன்றி வெட்டியவர்கள். ஆனாலும் மாணிக்கராசா வீட்டு இடியப்பம் தொண்டைக்குள் இறங்காது. அதை முகத்துக்கு நேரே சொல்லவும் துணிவில்லை. அதற்குத்தான் விரதம். எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த வித்தை. யார் யார் வீட்டில் யார் யாருக்கு விரதம் வரும் என்று நாங்கள் எல்லோரும் அறிவோம், விரதம் என்று கேட்பவரும் அறிவார்.

தரைவிரிப்பின் ஓரத்தில், கதவு நிலைக்குப் பக்கத்தில், சாம்பல் நிறக் காலுறை போட்ட இரண்டு பாதங்கள் நிற்கின்றன. மாணிக்கராசா இன்னும் போகவில்லை. தவராஜா அந்த வசனத்தைச் சொல்லி முடித்த பிறகும் பாதங்கள் நான்கு விநாடி நிற்கின்றன. பிறகு திரும்பிப் போகின்றன.

"அவர் கேட்டிட்டாரடா" என்று தவராஜா தொலைபேசியில் என்னிடம் சொன்னார். "அதுக்குப் பிறகு இருபத்தெட்டு வருசம். எங்கை கண்டாலும் சிரிப்பார், சுகம் கேப்பார். ஒருநாளும் சாப்பிடுங்கோ எண்டு கேட்டதில்லை. நானும் அதை யோசிச்சதே இல்லை."

5

இந்தப் பகுதியை மூன்று தடவை அழித்தேன்.

எல்லா வரைவுகளிலும் தவராஜா தனியாகவே படம் பிடிக்கிறார். வீடியோ எடுத்தவர்களுக்குத் தெரியும், அது நடக்காத காரியம். ஒருவர் கமெரா பிடித்தால் ஒருவர் லைற் பிடிக்கவேண்டும். அந்த வசனத்துக்குப் பிறகு கசற்றில் ஒரு சிரிப்புக் கேட்கிறது. சின்னச் சிரிப்புத்தான், மூக்கால் வருவது.

லைற் பிடித்தவன் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, அறியாப் பிள்ளை என்று தப்பிக்க முடியாது. தவராஜா என்னை அழைத்தது கதை சொல்ல அல்ல, "உன்ரை சிரிப்பும் இதிலை இருக்கு" என்று சொல்லத்தான். வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் என் வாக்கியங்கள் நன்றாக வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பது அதைவிட வெட்கமாக இருக்கிறது.

6

முடிவுகள்.

அ. தவராஜா முப்பத்தெட்டாவது நிமிடத்தை முழுவதாக நீக்கிவிட்டு, "குரல் ஒண்டும் தெளிவில்லைப் பிள்ளை" என்கிறார். ஒரு மகளிடமிருந்து தகப்பன் குரலை இரண்டாம் தடவை பறிப்பது. முதல் தடவையாவது பாட்டுப் போட்டுப் பறித்தார்.

ஆ. எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார். சாரங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா எப்பவோ மன்னிச்சிட்டார் மாமா" என்கிறாள். இதை எழுதி முடித்தபோது எனக்கு மனம் இலேசாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன். செத்துப்போனவருக்குப் பதிலாக, அவருடைய மகளின் வாயால், நானே எனக்கு மன்னிப்பு வழங்குவதா?

தவிர, ஒன்றை நாங்கள் இருவரும் யோசிக்கவேண்டியிருந்தது. சாரங்கி மூன்று வயதில் இங்கே வந்தவள். மாணிக்கராசா அவளுக்கு இந்தச் சாதிக் கதையையெல்லாம் சொல்லியிருப்பாரா? சொல்லாமலே வளர்த்திருந்தால்? உண்மையைச் சொல்கிறோம் என்று போய், அவர் முப்பது வருடம் அவள் தலையில் ஏற்றாத சுமையை நாங்கள் ஏற்றிவிட்டு வந்தால்?

இ. நடந்தது இது. தவராஜா "பிள்ளையை வடிவா எடுங்கோ, என்ன" என்ற இடத்தோடு வெட்டினார். பாதங்கள் இல்லை, அந்த வசனம் இல்லை, என் சிரிப்பு இல்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

7

சாரங்கி சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். தன் மடிக்கணினியில் போட்டுக் கேட்டாள். அப்பாவின் குரல் வந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஐந்து தடவை கேட்டாள். தவராஜா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் தொகுக்கும் திரையைத் திறந்து, அங்கேயே வரி போடத் தொடங்கினாள். அப்பா சொன்னதெல்லாம் டேனிஷில் சுலபமாக வந்தது. நானே அவிச்சனான் என்ற இடத்தில் சிரித்தாள்.

"அப்பா சமைச்சவர் எண்டே எனக்குத் தெரியாது" என்றாள். "மாமா, விரதம் எண்டு சொல்லுறியள். இதுக்குப் பிள்ளையள் கேள்வி கேப்பினம். தாத்தா இவ்வளவு கேட்டும் இந்த மாமா ஏன் சாப்பிடேல்லை எண்டு கேப்பினம். அண்டைக்கு என்ன விரதம் மாமா? நான் என்ன எண்டு எழுத?"

சனி விரதம் என்று ஒன்று உண்டு. இரண்டு சொல். அவள் நம்புவாள், எழுதுவாள், வருடா வருடம் திவசத்துக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

தவராஜா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அவரைத் திட்டுவீர்கள் அல்லது மெச்சுவீர்கள், இரண்டிலும் என்னையும் உங்களையும் விட்டுவிடுவீர்கள்.

வரிக்கான கட்டம் கீழே இருக்கிறது. திரையில் நான்கு விநாடிதான் நிற்கும், ஆகவே நீளமாக எழுத இயலாது. பிள்ளைகளுக்கு எட்டு வயதும் பதினொரு வயதும். நீங்கள் எழுதுங்கள்.

[                                        ]