பைண்டிங்கில் வந்து சேர்ந்த கப்பல்

...செவ்வாயின் சிவந்த மண்ணில் கிழவன் ரேடியோவின் காதுக்கருவியைக் கழற்றாமல் மகனின் குரலுக்குக் காத்திருக்க, கப்பல் வந்தது, கதவு திறந்தது, மகன் இறங்கினான், டெல்பின் அந்த இடத்தை எத்தனை தடவை படித்திருப்பாள், பாவாடை சட்டை வயதில் படித்தாள், அம்மை போட்டுக் கிடந்தபோது அம்மா கிட்டே விடாததால் தம்பி லூர்து வாசற்படியில் நின்று தொண்டை கிழியப் படித்துக்காட்டினான், இப்போது அறுபத்து மூன்று வயதில், தூத்துக்குடி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதே கதையைப் புத்தம்புதுப் புத்தகத்தில் படிக்கிறாள், கப்பல் வரவில்லை.

பழைய விஞ்ஞானக் கதைகளைத் திரட்டி யாரோ புண்ணியவான் போட்ட தொகுப்பு அது, நேற்று வாங்கினாள், பத்துப் பக்கம் புரட்டியதும் கப்பல் வரும் முடிவு வேறொரு கதையின் கடைசியில் கிடந்தது, விஷயம் புரிந்துபோயிற்று, அப்பா வாரப்பத்திரிகைகளில் வந்த இந்தக் கதைகளைப் பிளேடால் கிழித்துச் சேர்த்து பைண்டிங்குக்குக் கொடுப்பார், பத்திரிகைக் கதை பதினாலாம் பக்கம் தொடங்கி அறுபத்தொன்றுக்குத் தாவும், பக்க எண்ணை எவன் பார்த்தான், பைண்டிங்காரர் ஒரு கதையின் தலையோடு இன்னொரு கதையின் வாலை வைத்துத் தைத்துவிட்டார், இரண்டிலும் ஒரு கிழவன், ஒரு மகன், ஆட்களுக்குப் பெயர் கிடையாது, வீடே ஐம்பது வருடம் ஏமாந்தது. உண்மைக் கதையில் கிழவன் ஒருநாள் கருவியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறான், தன்னோடு காத்துக்கிடந்தவர்களைப் பூமிக்குக் கிளம்பச் சொல்கிறான், அவ்வளவுதான் கதை.

லூர்துவின் மகன் அன்ட்ரோ மாலத்தீவுக்குச் சரக்கேற்றிய தோணியில் போய் மூன்று வருடம் ஆகிறது, புயலுக்குப் பிறகு ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை, லூர்து துக்கப்பூசை வைக்க விடமாட்டேன் என்கிறான், மருமகள் ஜான்சியைத் தாய்வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்கிறான், புருஷன் வந்து தேடினா என்ன சொல்லுவேன் என்கிறான், மூணு வருஷம் ஒரு கணக்கா அக்கா, செவ்வாயில அந்தக் கெழவன் எத்தன வருஷம் இருந்தான், கடைசியில வந்தானா இல்லயா, முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னான், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஜான்சி போனில் அழவில்லை, அதுதான் டெல்பினைப் படுத்தியது, பெரியம்மா, எனக்கு இருபத்தாறு வயசு, எங்கூரு மணப்பாட்டுல பள்ளிக்கூடத்துல வேலைக்குக் கூப்பிடுதாவ, நீங்க சொன்னா மாமா கேப்பாவ, வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாவ. கேட்பான், அக்கா பேச்சைத் தட்டமாட்டான், அக்கா வாயால் அசல் முடிவைக் கேட்டால் விட்டுவிடுவான், அந்தத் தைரியத்தில்தான் பஸ் ஏறியிருக்கிறாள்.

லூர்து வீட்டில் ஜான்சி சேலை கட்டித் தயாராக நிற்கிறாள், கதவுக்குப் பின்னால் பை, மாமா சரின்னா இன்னைக்கே உங்ககூட வந்துருதேன் என்று காதோரம் சொல்கிறாள். லூர்து தொகுப்பைத் தடவிப் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான், எனக்குக் கண்ணு தெரியலக்கா, நீயே வாசி என்றான், டெல்பின் வாசித்தாள், சிவந்த மண், கிழவன், இரைச்சல், அவன் கண்ணை மூடி அவளுக்கு முன்னால் வரிகளை முணுமுணுத்தான், ஒரு சொல் பிசகவில்லை, அறுபது வயது முகத்தில் வாசற்படியில் நின்ற பயல் வந்து உட்கார்ந்திருக்கிறான், கிழவன் கருவியைக் கழற்றினான் என்ற வரிக்கு வந்துவிட்டாள், எழுத்து அப்பட்டமாய்த் தெரிகிறது, வாசிடி, வாசி என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள், லூர்துவின் உதடுகள் அதற்குள் கப்பலுக்காகக் குவிந்துவிட்டன, அவளால் முடியவில்லை, கப்பல் வந்தது, கதவு திறந்தது, மகன் இறங்கினான் என்று இல்லாததை வாசித்தாள், குரல் நடுங்கக்கூட இல்லை, பாவி.

லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான், மூன்று வருடமாகக் காணாத தெளிவு அவன் முகத்தில், அடுக்களை வாசலில் நின்ற மருமகளைப் பார்த்தான், கேட்டியாம்மா, வந்துட்டான் என்றான்.

கேட்டேன் மாமா என்றாள் ஜான்சி, பையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள், டெல்பினைப் பார்க்கவில்லை.