கூச்சல் அடங்கிய வண்டி

கம்பவுண்டர் கஃபாருக்குத் தன் மோட்டார் சைக்கிள் ஆம்பூர் ரோட்டில் போடுகிற கூச்சல் ஆகவே ஆகாது. காது அடைத்து, கை மரத்து, வீட்டுக்கு வந்த பிறகும் மண்டைக்குள் இரையும். வாணியம்பாடி மெக்கானிக்கைப் பிடித்துக் கத்தினார். அவன் செயின் ஓடும் முன்பக்கத்துப் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று மாட்டினான். அதே வேகத்தில் இப்போது என்ஜின் நிதானமாக ஓடியது. கஃபாருக்கு உயிர் வந்தது.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் ஜவ்வாது மலை ஏறினார். அவர் வண்டி வீறிட்டுக்கொண்டு வருவது கேட்டாலே காய்ச்சல்காரர்கள் ரோட்டோரம் கூடிவிடுவார்கள். இன்று ஓர் ஆள்கூட இல்லை. குடிசைகள் திறந்து கிடந்தன, அடுப்புகள் எரிந்தன.

"இன்னா இது, எங்க போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்?"

புதருக்குள்ளிருந்து அந்த ஊர்ப் பாஞ்சாலி எழுந்தாள். இடுப்பில் குழந்தை. அதன் வாயை அவள் கை இறுக்கிப் பொத்தியிருந்தது.

"நீங்களா சாயபு? சத்தம் ரேஞ்சர் வண்டியாட்டம் இருந்துச்சுங்க. மரம் வெட்டுனதுக்குப் புடிக்க வர்றாருன்னு எல்லாம் காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. இது இருமிச்சுன்னா மாட்டிக்குவோமேன்னு..."

"அடிப்பாவி, கைய எடு!"

குழந்தை அனலாய்க் கொதித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் பெட்டியில் இருந்த மருந்து இதற்குக் காணாது. இருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்.

பழைய கூச்சலில் எதுவும் கேட்டிருக்காது. இப்போது முதுகுக்குப் பின்னால் பிள்ளை மூச்சுக்கு இழுப்பது ஒவ்வொரு வளைவிலும் தெளிவாகக் கேட்டது. பாதி மலையில் அந்த இழுப்பு நின்றுபோனதும்கூடக் கேட்டது.