தட்டிக்கு அந்தப் பக்கம்

கமிஷன் வருகிற நாள் காலையில்தான் தட்டிக்குப் பச்சை வர்ணம் அடிக்க வேண்டும் என்று காலேஜுக்குத் தோன்றியது. பெயின்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் பலகை பிசுபிசுத்தது. யாரும் அதில் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்திவிட்டு, புரொபசர் ஸ்தனிஸ்லாஸ் ஒரு ஜட்கா வண்டி பிடித்து ஓர் இரவல் தராசு வாங்கிவரக் கிளம்பினார். திரும்பி வரும்போது தராசுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கச்சேரி ரோட்டின் ஒவ்வொரு குழிக்கும் அதை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தாராம். தலைப்பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிறவர்கள்கூட அத்தனை ஜாக்கிரதையாக வந்திருக்க மாட்டார்கள். எங்களுடைய சொந்தத் தராசு பூட்டிய அலமாரிக்குள் போயிற்று. நல்ல தராசுதான்; தினம் ஒரு அபிப்பிராயம் சொல்லும், அவ்வளவுதான்.

தட்டி என்பது லாபரட்டரியின் நடுவே நிற்கிற ஆளுயரப் பலகைத் தடுப்பு. வஜீஹா எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது செய்தது. அந்தப் பக்கம் அவள் ஒருத்திக்கு ஒரு மேஜை, ஒரு குழாய், கடற்காற்று வருகிற ஜன்னல். இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர், எங்களுக்கு ஒரு சுவர்க்கடிகாரம். தட்டிக்கு மேலாகப் பேசக்கூடாது என்பது விதி. மாணவியின் பாதுகாப்புக்காக என்றார்கள். எங்களிடமிருந்தா, கந்தக அமிலத்திடமிருந்தா என்று தெளிவாகச் சொல்லவில்லை.

படிப்புக்குத் தொழில் ரசாயனம் என்று பெயர். யுத்தம் முடியும் சமயத்தில் ஆரம்பித்தது. இனி தேசம் முழுக்க ஃபாக்டரிகள் வரப்போகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெமிஸ்ட் தேவை, ஆகவே வகுப்பை விட்டு இறங்கினால் நேரே வேலைக்குப் போய்விடலாம் என்று காலேஜின் விளக்கப் புத்தகம் சொன்னது. சாந்தோமில் வாத்தியாராக இருக்கும் என் அப்பா அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "போகலாம்னுதான் போட்டிருக்கான். எங்கன்னு போடலை" என்றார். ஆனாலும் சேர்த்துவிட்டார். நாங்கள்தான் முதல் அணி. படிப்பின் தரம் எப்படி இருக்கிறது, மேலே நடத்தலாமா, இழுத்து மூடலாமா என்று பார்க்கத்தான் யுனிவர்சிடி கமிஷன் அனுப்பியிருந்தது.

தரத்தைப் பற்றிப் புரொபசருக்குத் திடமான கொள்கை உண்டு. ஒரு சாம்பிளை ஐந்து பேரிடம் கொடுத்தால் ஐந்து பேரும் ஒரே விடை சொல்ல வேண்டும். "அஞ்சு பேரு அஞ்சு விடை சொன்னா அது லாபரட்டரி இல்லப்பா, தண்ணித்துறை மார்க்கெட்" என்பார். நேர்மையான மனிதர். முதல்நாள் மாலையே சாம்பிளைத் தாமே சோதித்து, விடையை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொள்வார்; வாயால் ஒருவரிடமும் சொல்ல மாட்டார். முகத்தைப் பூட்டத்தான் அவருக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடித்தவன் ஷரஃபுதீன். அவர்களுக்குத் தியாகராய நகரில் துணிக்கடை. பேரம் என்பது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. புரொபசரிடம் போய், "ஸார், பத்து சதவிகிதம் வர்ற மாதிரி இருக்கு" என்று அடிமட்டத்தில் ஆரம்பிப்பான். புருவம் நெரியும். "இன்னும் கொஞ்சம் கவனிச்சுப் பாரு" என்பார். இங்கே வந்து ஒரு குடுவையைக் குலுக்கிவிட்டு மறுபடி போய், "பன்னெண்டு ஸார்" என்பான். புருவம் பாதி இறங்கும். பதிமூன்றரையில் மீசை தளரும். வியாபாரம் முடிந்தது. எண் எங்கள் மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். பிறகு சோதனை செய்வதில் ஒரு கஷ்டமும் கிடையாது. விடையிலிருந்து புறப்பட்டுக் கேள்விவரைக்கும் பின்பக்கமாகக் கணக்கு எழுதிக்கொண்டு போக வேண்டியதுதான். நான்கு பேர் விடையும் கடைசிப் புள்ளிவரை ஒத்துப்போவதைப் பார்த்துப் புரொபசர் சமயத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

எண் தட்டியைத் தாண்டாது. ஆகவே வஜீஹா ஒவ்வொரு தடவையும் தனியாக ஒரு விடை சொன்னாள். "படிப்பு இருக்கு, கை பத்தலை" என்று புரொபசர் மார்க்கைக் குறைத்தார். போன வாரம் அவளிடம், "கமிஷன் முன்னால உன் விடை மத்தவங்களோட ஒத்து வரலேன்னா பரீட்சைக்கு உன் பேரை அனுப்ப முடியாதும்மா" என்றார். கனிவாகத்தான் சொன்னார். பட்டம் வந்தால் கெமிஸ்டாக எடுத்துக்கொள்வதாகக் கிண்டிப் பக்கம் ஒரு மருந்து கம்பெனி அவளிடம் சொல்லியிருந்தது அவருக்கும் தெரியும். இந்தப் பக்கம் நாங்கள் நால்வரும் அன்று வெகு சுத்தமாகப் பாத்திரம் கழுவினோம்.

வர்ணத்துக்குக் காவல் நின்றபோது அந்தப் பக்கம் சொட்டுச் சத்தம் கேட்டது. கமிஷனுக்கு முன்னால் ஒத்திகை.

"தட்டியில கை வெச்சிடாதீங்க வஜீஹா. ஈரம்."

"தெரியுது. மூக்கு இருக்கு எனக்கு."

கொஞ்சம் பொறுத்து அவளாகவே பேசினாள். விதியை அவள் மீறியது அன்றுதான் முதல் தடவை. "அகஸ்டின், ஒண்ணு கேக்கணும். நீங்க நாலு பேரும் எப்படிக் கையப் பழக்கினீங்க? நானும் வீட்ல கண்ணு மருந்து சொட்டுக்குழாய வெச்சிக்கிட்டுப் பழகிப் பாக்கறேன். தங்கச்சி சிரிக்கிறா. உங்க மாதிரி வரவே மாட்டேங்குது."

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன்.

"கை இல்ல," என்றேன். "ஷரஃபுதீன் வாய்."

முழுவதும் சொன்னேன். சொட்டுச் சத்தம் நின்றுபோயிற்று.

"உங்களப் பாத்துப் பொறாமைப்பட்டேனே," என்றாள் கடைசியில். "அதையாவது திருப்பித் தாங்க."

"இன்னிக்கு நம்பர் வந்ததும் இங்கேருந்து சொல்றேன். அதையே எழுதிடுங்க. பரீட்சைக்குப் பேரு போயிடும்."

"ஸாரோட நம்பரே தப்பா இருந்தா?"

இந்த லாபரட்டரியில் இதுவரை யாருக்கும் அப்படி ஒரு சந்தேகம் வந்ததில்லை. "ஸாரோட நம்பர் எப்படித் தப்பாகும்?" என்றேன்.

"அவர் கையும் கைதானே," என்றாள். மறுபடி சொட்டு விழ ஆரம்பித்தது.

கமிஷனில் மூன்று பேர். யுனிவர்சிடிப் பெரியவர்கள் இருவர் குழாய்களைத் திறந்து மூடினார்கள், இரவல் தராசை மெச்சினார்கள், பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார்கள். மூன்றாமவர் மெஹபூப் அலி. ராயபுரம் பக்கம் சோப்பு ஃபாக்டரி முதலாளி. தொழில் படிப்பு என்பதால் தொழில்காரர் ஒருவர் இருக்கட்டும் என்று போட்டிருந்தார்கள். புரொபசர் தாம் முந்தின மாலை சோதித்து வைத்திருந்த சாம்பிளை எடுத்து நீட்டினார். மெஹபூப் அலி அதை வாங்கி முகர்ந்து பார்த்து மேஜைமேல் வைத்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு சோப்பை எடுத்தார்.

"இது நம்ம கடாயில நேத்து ஊத்தின சரக்கு. இதுல காரம் எவ்ளோ மிஞ்சிக்கீதுன்னு பாத்துச் சொல்லுங்க. ஜாஸ்தியாப் போச்சின்னா வாங்கிக்கினு போற பொம்பளைங்க கை வெந்துடும்."

சோதனை சுலபம். சோப்பைச் சீவி ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு சொட்டு மருந்து விட்டால், மிஞ்சின காரம் ரோஜா நிறமாகத் தெரியும். பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக ஆசிட் விட வேண்டும். நிறம் போகிற சொட்டில் நிறுத்த வேண்டும். செலவான ஆசிட்டை வைத்து எவ்வளவு காரம் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஷரஃபுதீன் வழக்கம்போலப் புரொபசரிடம் போய்விட்டு உடனே திரும்பினான்.

"இன்னா மச்சி, ஸார் மொகத்துல ஒண்ணுமே இல்ல. கழுவி வெச்ச தட்டு மாதிரி கீது."

"அவருக்கே தெரியாதுடா."

அவன் காலரைச் சரிசெய்துகொண்டு மெஹபூப் அலியிடமே போனான். வியாபாரியும் வியாபாரியும். "பாயிண்ட் அஞ்சு வருமா ஸார்?" "வரலாம்." "பாயிண்ட் மூணு?" "அதுவும் வரலாம்." "பாயிண்ட் ஒண்ணு ரெண்டு?" மெஹபூப் அலி வாய் கொள்ளாமல் சிரித்து அவன் முதுகில் தட்டினார். ஷரஃபுதீன் வெற்றியோடு திரும்பினான். நாங்கள் நால்வரும் பாயிண்ட் ஒண்ணு ரெண்டு எழுதினோம். நான் தட்டியருகே போய் அதை இரண்டு தரம் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து சொட்டுச் சத்தம்தான் வந்தது.

மெஹபூப் அலி எங்கள் நான்கு தாள்களையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டார். பிறகு வஜீஹாவின் தாளை வாங்கிப் பார்த்தார். அதை மட்டும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாலும் ஒண்ணு. ஒண்ணு மட்டும் வேற."

"அதுதான் எங்க காலேஜோட தரம்," என்றார் புரொபசர். அந்த நான்கைத்தான் சொன்னார். குரலில் அப்படி ஒரு பெருமை. "அந்தப் பொண்ணுக்குக் கை பத்தலை. பரீட்சைக்கு அனுப்பறதா வேணாமான்னு இன்னிக்குத்தான் முடிவு பண்ணணும்."

"மூணு தடவ பாத்தேன் ஸார்," என்றது தட்டிக்குப் பின்னாலிருந்து குரல்.

மெஹபூப் அலி தட்டியைப் பார்த்துக் கேட்டார்: "மூணும் ஒண்ணா வந்திச்சாம்மா?"

"வரல ஸார். கொஞ்சம் கொஞ்சம் ஆடுது. மூணையுமே எழுதியிருக்கேன்."

"இது இன்னாத்துக்கு நடுவுல?" என்று அவர் தட்டியைக் காட்டினார். மாணவியின் பாதுகாப்புக்கு என்றார் ஒரு பெரியவர். "நாளைக்கு வேலைக்கு வந்தா இதையும் தூக்கிக்கினா வரும் அந்தப் பொண்ணு?" என்று எங்கள் தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டு, தட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஓரமாகத் தள்ளினார். உள்ளங்கை இரண்டும் பச்சை. நான் காவல் நின்றது வீண். காற்று இந்தப் பக்கம் வந்து எங்கள் தாள்களைத் தரையில் போட்டது. நாங்கள் யாரும் குனியவில்லை.

ஷரஃபுதீனால் பொறுக்க முடியவில்லை. "சரியான விடை எவ்ளோ ஸார்?"

"எனக்கு இன்னா தெரியும் நைனா? நம்ம கெமிஸ்ட் வேலைய உட்டுட்டுப் பம்பாய்க்குப் போய்ட்டான். சரக்கு கடாயில கீது, விக்கலாமா வேணாமான்னு தெரியல. ஆளு தேடிக்கினுதான் இந்தக் கமிஷன்லயே சேந்தேன்." கைக்குட்டையால் பச்சையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தெரிஞ்ச விடைய இன்னொரு தபா கண்டுபிடிக்கறதுக்கு நான் யாருக்குச் சம்பளம் குடுக்கணும்?"

பெரியவர்கள் இருவரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"புரொபசர் ஸார், நீங்களே ஒரு தபா பாத்துடுங்களேன்," என்றார் மெஹபூப் அலி. மரியாதையாகத்தான் கேட்டார்.

புரொபசர் கோட்டைக் கழற்றினார். எங்கள் பியூரெட்டுகள் நான்கும் காலையில் நிரப்பினபடியே நிரம்பி நின்றன. அவற்றை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். தாண்டி வஜீஹாவின் மேஜைக்குப் போனார். அவள் நகர்ந்து இடம் விட்டு, கரைத்த சோப்பு ஒரு குடுவையும் அடியில் வைக்க வெள்ளைப் பீங்கானும் எடுத்துக் கொடுத்தாள்.

"நீ எவ்வளவுல நிறுத்தினே?" என்றார் மெல்ல.

"நீங்க பாருங்க ஸார். அப்புறம் சொல்றேன்."

அவர் முழங்காலை மடித்துக் கண்ணைக் குழாயின் அளவுக்கோட்டுக்கு நேராக வைத்தார். ஆசிட் இறங்கியது. ரோஜா வெளுத்து வெறும் சாயலாயிற்று. குலுக்கினால் போகும், நின்றால் திரும்பும். பழக்கதோஷத்தில் நாங்கள் நால்வரும் அவர் முகத்தையே பார்த்தோம். இன்னும் ஒரு சொட்டா, நிறுத்தலாமா. குழாயின் நுனியில் ஒரு சொட்டு பெருத்து, விழாமல் நின்றது. புரொபசர் தலையை நிமிர்த்தி வஜீஹாவின் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, குடுவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.