அமெண்ட்மெண்ட் எம்புட்டு?

ஓர் எழுத்தின் விலை ஐயாயிரம் ரூபாய் என்று வடமதுரையில் முதன்முதலாக மதிப்புப் போட்டவர் கமலக்கண்ணன். அதுவும் வெறும் மெய்யெழுத்து. உயிர்கூடக் கிடையாது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. கல்யாண வீடுகளுக்குச் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற மனிதர். அண்டாவுக்கு இவ்வளவு, கரண்டிக்கு இவ்வளவு, ஒடுக்கு விழுந்தால் இவ்வளவு என்று முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, எதைப் பார்த்தாலும் அதன் அடியில் ஒரு விலை தெரிகிற கண் அவருக்கு வாய்த்துவிட்டது. பந்தல், மைக்செட், பாத்திர வாடகைக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

விவகாரம் இதுதான். மைக்செட் அருளப்பன் தை மாசம் காலமாகிவிட்டார். அவருக்கு ஒரே மகள், சகாயசெல்வி. பத்து வயதிலிருந்து அப்பாவோடு கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவள். ஆம்ப்ளிஃபயரைத் திறக்காமலே மோந்து பார்த்து, உள்ளே எது கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் சங்கத்தின் விதி ஏழு இப்படிச் சொன்னது: ‘உறுப்பினர் காலமானால் அவர் இடத்துக்கு உரியவர் அவருடைய மகன்.’ விதி பதினொன்று அதற்கும் ஒரு படி மேலே போனது: ‘உறுப்பினர் அல்லாதவர் மைக் கட்டும் இடத்தில் சங்கத்தார் யாரும் தொழில் செய்யக் கூடாது.’ செல்வி குழாய் கட்டினால் அங்கே பந்தல் வராது, பாத்திரம் வராது.

“மாமா, அந்தோணியார் கோயில் திருவிழா அப்பா இருவது வருசம் கட்டினது. பத்து நாள்தான் பொறுப்பேன்னு சாமியார் சொல்லிட்டாரு. அது போச்சுன்னா ஒண்ணொண்ணாப் போயிரும். அப்புறம் குழாயெல்லாம் பழைய இரும்புக்குத்தான்.”

“நீ சும்மா இரு தாயி,” என்றார் கமலக்கண்ணன். “நான் ஆபீஸ்ல போயிப் பேசிட்டு வாரேன்.”

சங்கங்களைப் பதிவு செய்கிற அலுவலகம் திண்டுக்கல்லில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் முஹ்சினா என்ற இளம் எழுத்தர். தலைக்கு மேல் மின்விசிறி நூல் மில் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

“சின்ன வேலைதான் சார். ஒரு எழுத்துல நிக்குது. ஆனா அமெண்ட்மெண்ட் இல்லாம ஃபைல் நகராது.”

முப்பது வருஷம் வியாபாரம் பார்த்த காது அது. விசிறிச் சத்தத்தில் அதற்குக் கேட்டது, ‘அமௌண்ட் இல்லாம ஃபைல் நகராது.’

கமலக்கண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எம்புட்டும்மா?”

“எம்புட்டுச் சீக்கிரம் கொண்டு வாரீகளோ அம்புட்டு நல்லது.”

“கையிலயே கொண்டாந்துரவா?”

“கையிலயே கொண்டாங்க. தபால்ல போட்டுறாதீக. தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேரும் போட்டிருக்கணும், பாத்துக்கங்க.”

என்ன துணிச்சல்! மூன்று பேரும் பங்கு போட்டுக் கொண்டு வர வேண்டுமாம். பஸ்ஸில் திரும்பும்போதே கணக்குப் போட்டார். ஒரு எழுத்து, சின்ன வேலை, வயசும் சின்னது. மூவாயிரத்தில் ஆரம்பித்து ஐயாயிரத்தில் முடியும். செல்வி இரண்டு ஸ்பீக்கர் பெட்டியை அடகு வைத்து ஐயாயிரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் முஹ்சினா கவரைப் பிரித்தாள். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“என்ன சார் இது?”

“நீதானம்மா சொன்னே, அமௌண்ட் இல்லாம நகராதுன்னு.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு விசிறியைப் பார்த்தாள். எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அமெண்ட்… மெண்ட். திருத்தம் சார், திருத்தம்! நல்லவேளை, அதிகாரி பாக்கல. மொதல்ல இதை உள்ள வைங்க.”

கமலக்கண்ணனுக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. கவரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கௌரவத்தைக் காப்பாற்ற ஒரு கேள்வி கேட்டு வைத்தார். “ஓ, இந்த ஆல்டர் பண்றதா?”

“அது தையக்கடையில. சட்டத்துக்குப் பேரு அமெண்ட்மெண்ட். பழசைக் கிழிச்சுப் போடுறதும் இல்ல, மொத்தமாப் புதுசு எழுதுறதும் இல்ல. பழசு அப்படியே இருக்கும். எந்த விதியில, எந்த வார்த்தை போகுது, அந்த இடத்துக்கு எது வருதுன்னு தெளிவா எழுதணும். கூட்டம் போட்டு, வந்தவுகள்ல முக்கால்வாசிப் பேரு கை தூக்கணும். அதுல மூணு பேரும் கையெழுத்துப் போடணும். அதைத்தான் கொண்டாரச் சொன்னேன்.”

“ஓகோ. நோட்டுல தப்பா எழுதினத அடிச்சுக் கிறுக்காம, போனது இது, வந்தது இதுன்னு கீழ ஒரு வரி போடுற மாதிரி.”

“அதேதான்.” இப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஊருக்குத் திரும்பி கவரைச் செல்வியிடம் கொடுத்தார். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய் வேறு விதமாகப் பேசிவிட்டது. “ஐயாயிரத்தைப் பேசிப் பேசிச் சைபருக்குக் கொண்டு வந்துட்டேன் தாயி. போயிப் பெட்டியைத் திருப்பு.”

“சைபருக்கா!” செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தகரக் கூரை போட்ட சிறிய மண்டபத்தில் கூட்டம். முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். இருபத்து நான்கு கை வேண்டும். எந்த வருஷமும் சங்கக் கூட்டத்துக்கு அருளப்பன் மைக்தான். அந்தப் பழக்கத்தில் செல்வியே வந்து கட்டியிருந்தாள்.

“விதி ஏழுல ‘மகன்’ என்பதை எடுத்துட்டு ‘மகள்’னு போடுறோம்,” என்று வாசித்தார் கமலக்கண்ணன்.

பந்தல் இருளப்பன் எழுந்து மைக்கைப் பிடுங்கினார். “ஏலே கமலக்கண்ணா, எனக்கு மூணும் பயலுக. அவுங்கெ சன்னியாசம் போகவா?”

“சரி அப்பு, மகன் அல்லது மகள்.”

ஜெனரேட்டர் முனியப்பனுக்குப் பிள்ளை இல்லை. “அப்ப எனக்கு? எந்தம்பி மகனைச் சேரு.” பின்வரிசையிலிருந்து ஒருவர் மருமகனைச் சேர்க்கச் சொன்னார். இன்னொருவர் மச்சினனை. மைக் கைக்குக் கை மாற, பத்தே நிமிஷத்தில் விதி ஏழு கல்யாணப் பத்திரிகை மாதிரி ‘மற்றும் சுற்றத்தார்’ வரைக்கும் போய்விட்டது.

பட்டென்று சத்தம் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். செல்வி ஆம்ப்ளிஃபயர் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன தாயி, கரண்டு போச்சா?”

“இல்ல மாமா. விதி பதினொண்ணு. உறுப்பினர் இல்லாதவ மைக் கட்டின எடத்துல நீங்க யாரும் தொழில் செய்யக் கூடாதாம்ல. நீங்க தப்புக்கு ஆளாகிறக் கூடாதுன்னு அணைச்சுட்டேன்.”

அதன்பின் எதிரொலிக்கிற தகரக் கூரைக்கும் முப்பத்திரண்டு தொண்டைகளுக்கும் நடந்த சண்டையில் தகரம் ஜெயித்தது. இருளப்பனே நாலு தடவை கத்திவிட்டு இருமிக்கொண்டு உட்கார்ந்தார். கமலக்கண்ணன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மகன், மகள், மருமகன், தம்பி மகன். எல்லாவற்றையும் வெறித்துப் பார்த்தார். எதன் அடியிலும் விலை தெரிகிற அந்தக் கண்ணுக்கு, இப்போது ஒரு வார்த்தை தெரிந்தது. நாற்காலி மேல் ஏறினார்.

“மக்கள்!”

“மக்கள்னா? ஊர்ச்சனம் பூராவுமா? ரேசன் கடை மாதிரி வரிசையில நிப்பாங்களே!”

“‘அவருடைய மக்கள்’யா! அவரு பெத்த மக்கள். ஆணும் அடங்கும், பொண்ணும் அடங்கும்.”

“நான் பெக்கவே இல்லையே!” என்றார் முனியப்பன்.

“உனக்கு வேற திருத்தம், வேற கூட்டம். ஒரு திருத்தத்துல ஒரு ஓட்டையத்தான் அடைக்க முடியும். கையத் தூக்குங்கய்யா!”

எண்ணினார். இருபத்து மூன்று. பின்னாலிருந்து எண்ணினார். அதே இருபத்து மூன்று. செல்வி தலை நிமிராமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“இருளப்பா, அடுத்த முகூர்த்தத்துக்கு ரெண்டு அண்டா வாடகை இல்லாமத் தாரேன். கையத் தூக்கு.”

“மூணு.”

“ரெண்டரை.”

“அரை அண்டாவுல என்னத்தப் பொங்குறது?”

“மாமா,” என்றாள் செல்வி மெதுவாக. “நீங்க கை தூக்கலையே.”

எண்ணுகிற கையையே எண்ண மறந்திருந்தார் கமலக்கண்ணன். பென்சிலோடு அதை உயர்த்தினார். இருபத்து நான்கு. ‘ரெண்டுக்கே சம்மதிச்சிருக்கலாம்’ என்று முனகியபடி இருளப்பனும் தூக்கினார். மைக் உயிர் பெற்று, ஒரு கீச்சுக் கீச்சி, மண்டபம் முழுக்கக் கைதட்டலைப் பரப்பியது.

நிர்வாகிகள் மூவரும் கையெழுத்துப் போட்டு முடித்ததும் செல்வி அருகே வந்தாள்.

“நாளைக்கு நானும் ஆபீசுக்கு வாரேன் மாமா. ஐயாயிரத்தை வேணாம்னு விட்டுக்கொடுத்த அந்த அக்காவுக்கு ஒரு நன்றி சொல்லணும்.”

கமலக்கண்ணனுக்குப் புரையேறியது. “வா தாயி, வா,” என்றவர், அவள் நகர்ந்ததும் தாளைத் திருப்பி, பழக்க தோஷத்தில் கணக்கை முடித்தார்.

போனது: ன். மெய் ஒன்று.

வந்தது: க், ள். மெய் இரண்டு.

திண்டுக்கல் பஸ் போய்ச் சேருவதற்குள் செல்விக்குச் சொல்ல வேண்டியது: மெய் ஒன்று. பாக்கி.