சிலிண்டர் அண்ணன் உட்கார்ந்த கதை

அந்த ஏழு மாடிக் குடியிருப்பில் செத்தவர்கள் நடந்தே கீழே இறங்கிப் போனார்கள். வேறு வழியில்லை. லிஃப்ட் பல வருஷமாக ஓடவில்லை. மாடிப்படியோ ஒவ்வொரு திருப்பத்திலும் அவ்வளவு குறுகல், ஸ்ட்ரெச்சரைத் திருப்பவே முடியாது. முதன்முதலில் இறங்கியவர் நான்காம் மாடித் தையல்காரர். தூக்க வந்தவர்கள் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்து அவரே எழுந்து, போர்த்தியிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கீழே போய் வண்டியில் படுத்துக்கொண்டார். அதன்பிறகு எல்லோரும் அப்படியே செய்தார்கள். பழக்கதோஷத்தில் மாடிக்கு மாடி கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கப் பார்ப்பார்கள். வாங்க மூச்சு ஏது, பாவம். அந்தந்த மாடிக்காரர்கள் கதவைத் திறந்து, பார்த்து இறங்குங்க என்று சொல்லி அனுப்பிவைப்பார்கள்.

குடியிருப்பு ஆபீசுக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. லிஃப்ட் என்னாயிற்று என்று கேட்கப் போனால், பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று கையை விரிப்பார்கள். செத்தவங்களே நடக்கிறாங்க, உங்களுக்கு என்ன கேடு என்று ஒரு குமாஸ்தா கேட்டானாம். அவன் வீடு தரைத்தளம். தலைச்சுமையோடு ஏறுகிறவர்களின் கால்வலி அவனுக்கு எங்கே தெரியப்போகிறது!

ஏழாம் மாடியில் ஜிப்பக்கா இருந்தாள். பை தயாரிக்கும் கம்பெனிக்கு வீட்டிலேயே ஜிப் தைத்துக் கொடுப்பவள். முட்டி இரண்டும் போய்விட்டதால், லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அவள் தரையை மிதித்ததில்லை. ஜன்னலும் வராந்தாவும்தான் அவளுக்கு ஊர். புருஷன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வீட்டுக்கு வந்தபிறகும் சும்மா இருக்க மாட்டார். எல்லோர் வீட்டு கேஸ் சிலிண்டரையும் தோளில் வைத்து ஏற்றுவார், வலியெடுத்த பெண்களை நாற்காலியோடு தூக்கி இறக்குவார். அதனால் சிலிண்டர் அண்ணன். முடியாது என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. ஜிப்பக்காவுக்கு அவர்மேல் இருந்த தீராத கோபம் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டு சிலிண்டரோடு ஏறும்போது ஆறாம் மாடிப் படியில் நெஞ்சு அடைத்து அவர் செத்துப்போனார். செத்த பிறகும் மிச்சப் படிகளை ஏறி, சிலிண்டரை அடுப்படியில் வைத்து, ரெகுலேட்டரை மாட்டி, அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டில் வந்து படுத்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பக்கத்துவீட்டுப் பெண் நாடி பிடித்துப் பார்த்து, உயிர் எப்பவோ போயிருக்கு என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

வண்டி வந்தது. அண்ணன் வழக்கப்படி எழுந்து செருப்பைத் தேடினார்.

"உக்காருங்க," என்றாள் ஜிப்பக்கா. "ஆயுசு பூரா ஊர்ச் சுமையத் தூக்கி ஏறினது பத்தாதா? செத்தும் அடங்க மாட்டீங்களா? லிஃப்ட் வரட்டும், அதுல போலாம்."

லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தாள், பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். அடுத்தவருக்குத் தொந்தரவாச்சே என்று அவர் நிமிஷத்துக்கொரு தரம் எழுந்திருக்கப் பார்ப்பார். இவள் தோளை அமுக்குவாள். மதியத்துக்குள் கீழ் மாடிக்காரர்களெல்லாம் ஆளுக்கொரு ஸ்டூலோடு ஏறி வந்துவிட்டார்கள். யார் வீட்டிலோ பெரிய பாத்திரத்தில் டீ போட்டார்கள். அன்று யாரும் தங்கள் வீட்டுக் கதவைச் சாத்தவில்லை.

மறுநாள் ஆபீசர் ஏறி வந்தார். ஏழாம் மாடிக்கு வருவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. இதுவரைக்கும் இறங்கினவர்கள் யாரும் கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்றார். செத்தவர்கள் எப்படி ஐயா சொல்வார்கள்! உயிரோடிருப்பவர்கள் கத்திக் கத்தித் தொண்டை வற்றியது மட்டும் காதில் ஏறியதா? கூட்டம் எகிறவும், ஆபீசர் குரலை இறக்கி அண்ணனிடமே குழைந்தார்.

"நீங்க தங்கமான மனுஷன்னு எல்லாரும் சொல்றாங்க. கொஞ்சம் ஒத்துழைச்சு இறங்கிடுங்களேன்."

தங்கமான மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். யார் கேட்டாலும் மறுத்துப் பழக்கமில்லையே. முதல் படியில் கால் வைத்தும் விட்டார். எட்டிப் பிடிக்க ஜிப்பக்காவால் எழ முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே புடவையை முட்டிக்கு மேல் தூக்கிக் காட்டினாள். இரண்டு முட்டியும் வீங்கிப் பளபளத்தன.

"இன்னிக்கு நீங்க நடந்தா, நாளைக்கு நான் செத்தாலும் இதே காலோட நடந்துதான் இறங்கணும். பரவால்லியா? போங்க."

அண்ணன் நின்றார். அந்த முட்டிகளையே பார்த்தார். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆபீசர் முகத்தைப் பார்த்து, முடியாது என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு யாரும் அவர் தோளை அமுக்க வேண்டியிருக்கவில்லை.

பல வருஷமாகக் கிடைக்காத பார்ட்ஸ் மறுநாளே கிடைத்தது. மெக்கானிக் ஒரு சின்னப் பையில் கொண்டுவந்து மாட்டினான். வயிறு எரியுமா எரியாதா? லிஃப்ட் திறந்ததும் அண்ணன் ஜிப்பக்காவைக் கைத்தாங்கலாக உள்ளே ஏற்றினார். கீழே இறங்கி அவர் வண்டியில் படுத்ததும், அவள் அத்தனை வருஷம் கழித்துத் தரையில் நின்றுகொண்டு, ஆபீசரைப் பார்த்து, "இதை முன்னாடியே செஞ்சிருந்தா என் மனுஷன் உயிரோட இருந்திருப்பாரே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். ஆபீசர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்ததாக யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது அங்கே செத்தவர்கள் லிஃப்டில்தான் போகிறார்கள். அது ஓடாவிட்டால் வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன மாதம் மறுபடி நின்றது. ஜிப்பக்கா மெஷினை ஓரம் தள்ளிவிட்டு லிஃப்ட் வாசலில் போய் உட்கார்ந்தாள். ஆபீசிலிருந்து குமாஸ்தா அலறியடித்து ஓடிவந்து, கீழே நின்றபடியே, "யாரு செத்தது?" என்று கத்தினான்.

"இன்னும் யாரும் சாகலை," என்றாள் மேலிருந்து. "சாகக் கூடாதுன்னுதான் உக்காந்திருக்கேன்."