அண்ணி எழுதிய ஏழு அட்டைகள்

வியாழக்கிழமை காலையில் படக்கதைக் கடைக்காரர் கண் டாக்டரிடம் போனதுதான் தப்பு. சும்மா பவர் பார்ப்பார்கள், பத்து மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அங்கே சொட்டு மருந்தை விட்டு, "சாயங்காலம் வரைக்கும் எழுத்தெல்லாம் மங்கலாத்தான் தெரியும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வியாழன்தான் புதுச் சூப்பர்ஹீரோ புத்தகங்கள் வந்து இறங்கும் நாள். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி அபிப்பிராயத்தைச் சின்ன அட்டையில் எழுதி, புத்தகத்துக்குக் கீழே செருகிவைப்பார். வாடிக்கையாளர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் புத்தகத்தையே தொடுவார்கள்.

கட்டைப் பிரித்து முதல் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார். ஏதோ சிவப்பாக இருந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்துத் தையல் கடை அவருடைய அண்ணியுடையது. கூப்பிட்டதும் கழுத்தில் தொங்கும் டேப்போடு அண்ணி வந்தார்.

"படத்துல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க அண்ணி. நான் அபிப்பிராயம் சொல்றேன், அப்படியே எழுதுங்க."

"எனக்கு இதுல தலையும் புரியாது, வாலும் புரியாது தம்பி."

"புரியவே வேண்டாம்."

அண்ணி புத்தகத்தைத் திறந்தார். "ஒருத்தன் பறக்குறான். முதுகுல பத்து முழம் துணி. ஓரம் அடிக்கவே இல்ல."

"துணிய விடுங்க. யாரோட சண்டை?"

"சண்டை எங்க? உக்காந்து பேசிட்டிருக்காங்க."

"சண்டை இல்லாத பக்கத்தைத் தள்ளிட்டுப் போங்க. நேரமாகுது."

ஏழு புத்தகமும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. செம்பருந்து, அரைத்த மாவு. காந்தக்காரி, படம் பிரமாதம். இரட்டை நிழல், விறுவிறுப்பே இல்லை. இப்படி அவர் சொல்லச் சொல்ல, அண்ணி தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

மத்தியானம் வந்த பஸ் டிரைவர் அலமாரி முன்னால் நின்று தனக்குத்தானே சிரித்தார். மூன்று மணிக்குள் 'இரட்டை நிழல்' மொத்தமும் தீர்ந்துபோனது. கடைக்காரருக்கு ஏனென்றே புரியவில்லை.

"இந்த வாரம் உங்க எழுத்துல ஒரு தனி ருசி இருக்கு," என்றார் டிரைவர்.

"ஏதோ, வந்துச்சு," என்று சமாளித்தார்.

ஐந்து மணிக்குப் பார்வை தெளிந்ததும் நேராக அலமாரிக்குப் போனார்.

'செம்பருந்து: அரைத்த மாவு. இந்த அங்கியைக் கதவிடுக்கில் மாட்டினால் போதும், ஆள் காலி. வில்லனுக்கு ஏன் தோன்றவில்லை?'

'காந்தக்காரி: படம் பிரமாதம். உடம்பெல்லாம் காந்தம், உடுப்பில் இரும்பு ஜிப். எப்படிக் கழற்றுவாள்?'

'இரட்டை நிழல்: விறுவிறுப்பே இல்லை. ஆனால் ஊரைக் கொளுத்தக் கிளம்பிய வில்லன், அம்மா மாத்திரை போட்டாளா என்று பார்க்க வீட்டுக்குத் திரும்புகிறான். அந்த இரண்டு பக்கத்தை விட்டு எனக்கு நகர மனசு வரவில்லை.'

அவருக்குச் சுருக்கென்றது. தனக்கென்று எடுத்துவைத்திருந்த பிரதியில் அந்தப் பக்கங்களைத் தேடினார். வில்லனின் இரும்பு நகங்களிலிருந்து மாத்திரை அட்டை நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் அம்மாவே வாங்கிப் பிரித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை வசனம் இல்லை. இரண்டு தடவை பார்த்தார். பிறகு அட்டைகளையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனார்.

"நான் சொன்னத எழுதலையே அண்ணி."

"முதல் வரி உங்களோடதுதானே?"

"அந்தப் பக்கத்தைத் தள்ளச் சொன்னேன்."

"தள்ளினேன். உங்களுக்காக." அண்ணி மிஷினிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அவருக்குக் கோபப்படத்தான் ஆசை. சிரிப்பு முந்திக்கொண்டது. "டிரைவர்கிட்ட நான் எழுதினதுன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். ஜிப்பைப் பத்திக் கேட்டா என்ன சொல்றது?"

"அது உங்க பாடு."

மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, ஏழு அட்டையிலும் அடியில் 'எழுதியது: பக்கத்துக் கடை அண்ணி' என்று சேர்த்தார். புத்தகத்தை அண்ணி பக்கம் தள்ளி, "இது உங்களுக்கு. மிச்சக் கதை அடுத்த மாசம் வரும்," என்றார்.

அண்ணி மிஷினை நிறுத்தினார்.

"ஒரு மாசமா? அதுவரைக்கும் அந்த அம்மாவுக்கு மாத்திரையை யாரு ஞாபகப்படுத்துவா?"