ஏழாம் நம்பரின் எடை

ஏழாம் நம்பர் எடை மேடையில் ஏறி நின்று அசை போட்டது. நூற்றுப்பதினான்கு கிலோ. இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே நூற்றுப்பதினான்கு. மேடைதான் கெட்டுவிட்டதோ என்று நானே ஏறிப் பார்த்தேன். என் ஐம்பத்திரண்டைச் சரியாகக் காட்டியது. பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பன்னிரண்டு எருமைக் கிடாக்கன்றுகளைக் கட்டிவைத்து, கறிக்கு வளர்க்கும் மாட்டுக்கு எதைப் போட்டால் எவ்வளவு சதை பிடிக்கும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். முதல் ஆறுக்குச் சோளத்தட்டையும் கம்பெனித் தீவனமும். அடுத்த ஆறுக்கு வெறும் தட்டை. வெறும் தட்டை தின்கிற ஏழாம் நம்பர், தீவனம் தின்கிற மூன்றாம் நம்பரைவிட இரண்டு கிலோ கூட இருந்தது.

ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான். முடிவு ஏற்கெனவே அச்சாகிவிட்டது. என் வழிகாட்டிப் பேராசிரியர் காளீஸ்வரன், தீவனம் கொடுத்த கம்பெனிக்காக 'ஒன்றரை மடங்கு எடை' என்று கொட்டை எழுத்தில் போஸ்டரே அடித்து வைத்திருக்கிறார். மாட்டைப் பற்றிப் பதினெட்டுக் கட்டுரை எழுதியவர். கொட்டகைக்கு மாதம் ஒருமுறை வருவார். சாணி ஒட்டும் என்று காரைவிட்டு இறங்கமாட்டார். கண்ணாடியை நாலு விரல் இறக்கி, நான் நீட்டும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏற்றிக்கொள்வார். எருமைகளுக்கு அவர் முகம் தெரியாது. அதில் அவற்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டிலும் இதே லட்சணம்தான். பாளையம்பட்டியில் கடை வைத்திருக்கும் அப்பா, "சுகப்பிரியா பால்மாடு பத்திப் படிக்கிறா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறார். கறி என்று வாயால் சொன்னால் கல்லாப்பெட்டி தீட்டுப்பட்டுவிடுமாம்.

தீவனம் வைக்க இரண்டு மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்த செல்லக்கிளி அக்காவைக் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"ஆமா மேடம். நாந்தான் பன்னெண்டுக்கும் பங்கு வச்சேன். ஒரே கூரைக்கு அடியில ஆறு திங்க, ஆறு வாயப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"அக்கா, அதுதான் ஆராய்ச்சியே."

"திங்காதது மெலியும். இதக் கண்டுபிடிக்கவா மூணு வருசமாப் படிக்கீக?" கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "இதுக எங்க போகுதுன்னு எனக்குந் தெரியும். போறமட்டும் வகுறு காயணுமாக்கும்."

எனக்கு முகம் சுட்டது.

காளீஸ்வரனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். உண்மையை எழுதிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றும் சொன்னேன். சிரித்தார்.

"எடையை விடும்மா, அத நாம எழுதிக்கலாம். அடுத்த மாசம் கண்காட்சிக்கு போட்டோ வேணும். அந்த ஆறுக்கும் விலா எலும்பு தெரியணும். பதினஞ்சு நாளைக்குத் தட்டையையும் பாதியாக்கு. உன் தீசிஸ்ல என் கையெழுத்து வேணும்ல?"

"சரி சார்" என்றேன். மூன்று வருடமாக வேறென்ன சொல்லியிருக்கிறேன்? அவரைக் கேவலமாக நினைப்பது எனக்குப் பழக்கம். அப்படி நினைத்துக்கொண்டே அவருக்குக் காபி வாங்கிக் கொடுப்பதும் பழக்கம்.

மறுநாள் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. விஷயத்தைச் சொன்னதும் செல்லக்கிளி அக்கா தீவன வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்திக்கங்க. ஏங் கையால ஏலாது. நீங்களே வைங்க."

போய்த் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். மூன்று வருடத்தில் நான் அந்த வாளியைத் தூக்கியதே இல்லை. ஒன்றிலிருந்து அள்ளி அள்ளிக் கொட்டினேன். இரண்டு, மூன்று. தவிட்டு வாசம் எழுந்ததும் எதிர் வரிசையில் கழுத்துக் கயிறுகள் விறைத்தன. ஆறாவதுக்குக் கொட்டும்போது வாளியின் அடியில் இன்னும் ஒரு கை அளவு கிடந்தது. திரும்பினேன். ஏழு கம்பிக்கு வெளியே தலையை நீட்டி என் மணிக்கட்டை நக்கியது. சொரசொரப்பான நாக்கு, விரல் இடுக்கில் ஒட்டியிருந்த தூளைத் தேடித் தேடி எடுத்தது. அது தீர்ந்த பிறகும் தலையை இழுத்துக்கொள்ளாமல், வெறும் கையை மோந்தபடி அப்படியே நின்றது.